ஒரே தடவை கேட்கும் காதுக்கு: ஸ்போக்கன் வேர்ட் கவிதையின் வரலாறும், அதை எழுதி மேடையேற்றும் முறையும்

அச்சில் கவிதை படிக்கிறவருக்கு ஒரு வசதி உண்டு. புரியாத வரிக்குத் திரும்பிப் போகலாம், புத்தகத்தை மூடிவைத்து யோசிக்கலாம். கேட்கிறவருக்கு அது கிடையாது. நீங்கள் சொன்ன வரி அவர் காதைத் தாண்டிவிட்டால் தாண்டியதுதான். ஸ்போக்கன் வேர்ட் என்ற வடிவத்தின் விதிகள், உத்திகள், பழக்கங்கள் எல்லாமே இந்த ஒரு நெருக்கடியிலிருந்து பிறந்தவை என்பது என் கட்சி. வரலாற்றைச் சொல்லும்போதும், எப்படி எழுதுவது என்று சொல்லும்போதும் அதைத்தான் பிடித்துக்கொண்டு போகப்போகிறேன்.

ஸ்போக்கன் வேர்ட் என்பது குரலாலும் உடலாலும் நிகழ்த்துவதற்கென்றே எழுதப்படும் கவிதை. நிகழ்த்து கவிதை என்றும் சிலர் சொல்வதுண்டு. ஸ்லாம் என்பது அதன் போட்டி வடிவம். இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் அதிகம். ஸ்லாமில் சொல்லப்படுவது எல்லாம் ஸ்போக்கன் வேர்ட்தான், ஆனால் ஸ்போக்கன் வேர்டுக்கு மதிப்பெண் தேவையில்லை.

முதலில் கொஞ்சம் வரலாறு

எழுத்து வருவதற்கு முன்பு கவிதை வாயில்தான் வாழ்ந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டே மக்களிடம் ஜெலி என்றும், வெளியுலகில் கிரியோ என்றும் அழைக்கப்படும் பரம்பரைக் கலைஞர்கள் இருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுண்டியாட்டாவின் கதையை இன்றும் வாய்மொழியாகவே சொல்கிறார்கள். சங்க காலத்தில் யாழைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன பாணர்களும் இந்தத் தொழில்காரர்கள்தான்.

இவ்வளவு பெரிய கதைகளை எப்படி நினைவில் வைத்தார்கள்? 1930களில் மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் தன் மாணவர் ஆல்பர்ட் லார்டுடன் யூகோஸ்லாவியாவுக்குப் போய், எழுதப் படிக்கத் தெரியாத காவியப் பாடகர்களைப் பதிவு செய்தார். அவர்களில் ஒருவரான அவ்தோ மெஜெதோவிச் 12,000 வரிகளைத் தாண்டும் ஒரு காவியத்தைச் சொன்னார். சொல்லுக்குச் சொல் மனப்பாடம் என்று அங்கே எதுவும் இல்லை. சந்தத்துக்குப் பொருந்தும் தயார்நிலைத் தொடர்கள் பாடகர் கையில் ஏராளமாக இருந்தன. அவற்றைக் கோத்து ஒவ்வொரு முறையும் கதையைப் புதிதாகக் கட்டினார்கள். மேடையில் மறந்துபோனால் என்ன செய்வது என்று பேசும்போது இவர்களிடம் திரும்ப வருவோம்.

இன்று நாம் பார்க்கும் வடிவம் 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் உருவானது. கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் ப்ளூஸ், ஜாஸ் இசைகளின் தாளத்தைக் கவிதைக்குள் கொண்டுவந்தார். 1958-இல் ஜாஸ் கலைஞர்களோடு சேர்ந்து தன் கவிதைகளை இசைத்தட்டாகவும் பதிவு செய்தார். 1955 அக்டோபர் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவில், முன்பு கார் பழுதுபார்க்கும் கொட்டகையாக இருந்த சிக்ஸ் காலரி என்ற ஓவியக் கூடத்தில் கவிஞர் ஆலன் கின்ஸ்பர்க் தன் 'ஹவ்ல்' கவிதையை முதன்முதலாகப் படித்தார். கூட்டத்திலிருந்த எழுத்தாளர் ஜாக் கெரோவாக் நடுநடுவே “கோ!” என்று கத்தி உற்சாகப்படுத்தினாராம். அந்தக் கவிதை புத்தகமாக வந்ததும் ஆபாச வழக்கு தொடர்ந்தார்கள். 1957-இல் பதிப்பாளர் விடுதலையானார்.

1968 மே 19, கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸின் பிறந்தநாள். அன்று நியூயார்க்கின் கறுப்பினக் குடியிருப்பான ஹார்லெமில் ஒரு பூங்காவில் லாஸ்ட் போயட்ஸ் குழு தோன்றியது. பறையொலியோடு சேர்த்துச் சொன்ன அவர்களுடைய அரசியல் கவிதைகளை ராப் இசையின் முன்னோடிகளில் ஒன்றாக வைக்கிறார்கள். 1973 வாக்கில் நியூயார்க்கில் கவிஞர் மிகெல் அல்கரின் தன் வீட்டிலேயே தொடங்கிய சந்திப்பு நியூயோரிக்கன் போயட்ஸ் கஃபே ஆனது. நியூயார்க்கில் வாழ்ந்த போர்ட்டோ ரிக்கர்கள் ஸ்பானிஷையும் ஆங்கிலத்தையும் வீட்டில் பேசுகிற மாதிரியே கலந்து மேடையேற்றினார்கள். ஜமைக்காவில் லூயிஸ் பென்னட் என்ற கவிஞர் இதை இன்னும் முன்பே செய்திருந்தார். படித்தவர்கள் கொச்சை என்று ஒதுக்கிய பத்வா மொழியில்தான் அவர் எழுதினார். இதைச் சும்மா சொல்லவில்லை. தமிழில் எழுதுகிறவருக்கு வரும் முதல் தலைவலியே எழுத்து மொழியா, பேச்சு மொழியா என்ற இதே கேள்விதான்.

ஸ்லாம்: கேட்பவரிடம் போன அதிகாரம்

மார்க் ஸ்மித் ஒரு கட்டடத் தொழிலாளி. கவிதை வாசிப்புக் கூட்டங்களில் கவிஞர்கள் தாளைப் பார்த்து முனகுவதும், கூட்டம் மரியாதைக்காகக் கைதட்டுவதும் அவருக்குச் சலித்துப்போனது. 1984-இல் சிகாகோவின் ஒரு சிறிய ஜாஸ் விடுதியில் தன் பாணி நிகழ்ச்சியைத் தொடங்கினார். 1986 ஜூலையில் அது க்ரீன் மில் என்ற பழைய ஜாஸ் விடுதிக்கு இடம் மாறி, ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் போயட்ரி ஸ்லாம் ஆனது.

அவர் செய்த குறும்பு நடுவர் விஷயத்தில்தான். பேராசிரியர்கள் இல்லை, விமர்சகர்கள் இல்லை. கூட்டத்திலிருந்து யாரையாவது பிடித்து மதிப்பெண் அட்டையைக் கையில் கொடுத்துவிடுவார். பிறகு நிலைத்துப்போன விதிகள் இவை: 5 நடுவர்கள், 0 முதல் 10 வரை, ஒரு தசமப் புள்ளியோடு மதிப்பெண். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டு நடுவிலுள்ள மூன்றைக் கூட்டுவார்கள். ஆக, முழு மதிப்பெண் 30. கவிதை சொந்தமாக எழுதியதாக இருக்க வேண்டும். நேரம் 3 நிமிடம், 10 விநாடி சலுகை. அதற்கு மேல் போனால் கழிவு. இசை, வேடம், பொருட்கள் கூடாது. போட்டிக்கு முன் போட்டியில் இல்லாத ஒருவர் வந்து ஒரு கவிதை சொல்வார். நடுவர்கள் கையைப் பழக்கிக்கொள்ள அது. அவருக்குப் பலிக் கவிஞர் என்று பெயர்.

இந்த விதிகளை நிதானமாகப் பாருங்கள். மூன்று நிமிடம் என்பது கேட்பவரின் கவனத்துக்குக் கொடுத்த மரியாதை. யாரோ ஒருவர் நடுவர் என்பது, முதல் தடவை கேட்கிற காதுக்கே புரிய வேண்டும் என்ற நிபந்தனை.

1990-இல் சான் பிரான்சிஸ்கோவில் முதல் தேசிய ஸ்லாம் நடந்தது. 2002 முதல் 2007 வரை எச்பிஓ தொலைக்காட்சி இதை வீடுகளுக்குள் கொண்டுபோனது, அப்புறம் யூடியூப். 2021 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் பதவியேற்பு விழாவில் 22 வயது அமாண்டா கோர்மன் கவிதை சொன்னபோது உலகமே பார்த்தது. 2023-இல் இசைக்கான கிராமி விருதில் இந்த வடிவத்துக்கென்று தனிப் பிரிவும் வந்தது.

மதிப்பெண்ணுக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. யாருடைய வலி பெரியது என்ற போட்டியாக மேடை மாறிப்போகும் அபாயம் ஸ்லாமில் எப்போதும் இருக்கிறது. இன்னும் ஆறாத காயத்தை மேடையில் திறந்து 27.4 வாங்குவது ஆரோக்கியமான பழக்கம் இல்லை. சொல்லும்போது உங்கள் குரல் உடைந்துபோகிற கவிதை என்றால், அதை இன்னும் கொஞ்ச காலம் நோட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். சரி, எழுதுவதற்கு வருவோம்.

படி 1: கைக்கு அகப்படும் ஒன்றைப் பிடியுங்கள்

அப்பாவின் அன்பு என்று தொடங்கினால் மூன்று நிமிடத்தில் எங்கும் போய்ச் சேர மாட்டீர்கள். அப்பாவின் இருமல் என்று தொடங்குங்கள். பார்க்க, கேட்க, தொட முடிகிற ஒரு பொருள். அதற்கு நேர்ந்த ஒரு மாற்றம். இவ்வளவு போதும். இந்த வழிகாட்டி முழுக்க நான் எழுதிய ஒரு பயிற்சிக் கவிதையையே பிய்த்துப் பிய்த்துக் காட்டுகிறேன். முதல் வரைவு இப்படி இருந்தது:

நிசப்தத்தின் சுவர்களில்
எதிரொலிக்கும்
தந்தைமையின் தயங்கிய இருப்பு

தாளில் பார்க்க ஏதோ கவிதை மாதிரி இருக்கிறது. யாரிடமாவது ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், “என்ன சொன்னீர்கள்?” என்று கேட்பார்.

படி 2: எந்தத் தமிழ் என்று முடிவு செய்யுங்கள்

எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இவ்வளவு தள்ளி நிற்கும் மொழியில் இது முதல் முடிவு. முழுக்க எழுத்துத் தமிழில் சொன்னால் மேடைப் பேச்சு வாடை அடிக்கும். முழுக்கப் பேச்சுத் தமிழில் சொன்னால் அரட்டையாகக் கரைந்துபோகலாம். என் வழி இது: கதை பேச்சுத் தமிழில் நடக்கட்டும், அழுத்தம் விழ வேண்டிய ஓரிரு இடங்களில் மட்டும் எழுத்துத் தமிழுக்கு ஏறுங்கள். அந்த ஏற்றமே ஒரு ஒலி விளைவு. பென்னட்டும் நியூயோரிக்கன் கவிஞர்களும் காட்டிய துணிச்சலை இங்கே கடன் வாங்கலாம். உங்கள் வட்டார வழக்கை மேடைக்காக வெளுக்க வேண்டாம்.

தாளில் எழுதாமல், கைபேசியில் பதிவை ஓடவிட்டு அந்த இருமல் கதையை நண்பரிடம் சொல்வது போலச் சொன்னேன். பிறகு அதைக் கேட்டு எழுதியது:

அப்பா கதவத் தட்ட மாட்டாரு.
இருமுவாரு.
ஒரு இருமல்னா, உள்ள வரலாமா.
ரெண்டு இருமல்னா, சாப்டியா.
மூணாவது இருமல் வந்த வருசம்
அதுக்கு அர்த்தம் கேட்டு
ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அன்பு, தந்தைமை என்ற சொற்கள் காணாமல் போயின. யாரும் அவற்றைத் தேடப் போவதில்லை. ஒன்று, ரெண்டு என்ற எண்ணிக்கை கேட்பவர் கையில் ஒரு கயிற்றைக் கொடுக்கிறது; மூன்றாவது வரும் என்று அவர் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்புதான் கவிதையை இழுத்துப் போகும்.

படி 3: காதால் திருத்துங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. நான் ஒரு கவிதை எழுத ஒரு மாலை எடுத்துக்கொண்டால், திருத்த இரண்டு வாரம் எடுப்பேன்.

வரைவை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்யுங்கள். ஒரு நாள் கழித்து, தாளைப் பார்க்காமல் கேளுங்கள். மனம் எங்கே வேறு பக்கம் போகிறதோ அங்கே வெட்டு விழ வேண்டும். நாக்கு எங்கே இடறுகிறதோ அங்கே சொல் மாற வேண்டும். நாக்கு இடறும் இடம் பயிற்சியில் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், மேடையில் அது மறுபடி இடறும்.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். எழுத்தில் “போய், பார்த்து, கேட்டு, திரும்பி” என்று எட்டு வினையெச்சம் அடுக்கலாம். காதால் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. இரண்டுக்கு மேல் போனால் வாக்கியத்தை உடையுங்கள். இதே இலக்கணம் ஒரு பரிசும் தருகிறது. மறுப்பும் கடைசியில் வருவதால், “அவர் என்னைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணி நான் பார்த்ததே” என்று வந்து, அரை நொடி நின்று, “இல்ல” என்று சொல்லலாம். வாக்கியம் முழுவதும் காலடியில் கவிழும். இதற்காக நீங்கள் தனியாக உழைக்கக்கூட வேண்டாம், மொழியே செய்து வைத்திருக்கிறது.

அடுத்து, ஒலி மயக்கம். வலி, வழி, இலை, இழை, மனம், மணம். தாளில் குழப்பமே இல்லை, மைக்கில் நிச்சயம் குழப்பம். உங்கள் உச்சரிப்பு சுத்தமாக இருந்தாலும் ஒலிபெருக்கியும் அறையும் அப்படி இருக்காது. கவிதையின் முக்கியமான திருப்பம் இப்படி ஒரு சொல்லில் தொங்கினால், பக்கத்திலேயே பொருளைக் காட்டிக்கொடுக்கும் இன்னொரு சொல்லை வையுங்கள்.

எதுகை மோனை? மோனை காதுக்கு நன்றாக உதவும், வரியை நினைவில் வைக்க உங்களுக்கும் உதவும். ஆனால் வரிக்கு வரி கடைசியில் இயைபு போட்டால் இரண்டாவது வரியிலேயே நான்காவது வரியைக் கூட்டம் ஊகித்துவிடும். ஊகித்தவர் அப்புறம் கேட்க மாட்டார். அங்கங்கே, எதிர்பாராத இடத்தில் வரட்டும்.

நேரம்: நான் சொல்லும் வேகத்தில் 3 நிமிடத்துக்கு ஏறக்குறைய 250 தமிழ்ச் சொற்கள். உங்கள் கணக்கு வேறாக இருக்கும். ஒத்திகையில் 2 நிமிடம் 40 விநாடிக்குள் முடியும்படி வெட்டுங்கள். சிரிப்பும் கைதட்டலும் மீதியைச் சாப்பிட்டுவிடும்.

படி 4: மனப்பாடம்

தாளைப் பார்த்துப் படிப்பதைப் பெரும்பாலான மேடைகள் அனுமதிக்கின்றன. ஆனால் கண் தாளில் இருந்தால் கூட்டத்தின் முகம் உங்களுக்குத் தெரியாது, தெரியாவிட்டால் அதற்கேற்ப நிற்கவும் நகரவும் முடியாது.

பின்னாலிருந்து கற்பது எனக்குப் பலிக்கும் முறை. கடைசிப் பத்தியை முதலில் மனப்பாடம் செய்யுங்கள், பிறகு அதற்கு முந்தையது, பிறகு அதற்கும் முந்தையது. முன்னாலிருந்து கற்றால் தொடக்கத்தை நூறு தடவை சொல்லியிருப்போம், முடிவைப் பத்துத் தடவைதான் சொல்லியிருப்போம். களைப்பும் பதற்றமும் சேருகிற இடத்தில் கவிதை பலவீனமாக இருக்கும். பின்னாலிருந்து கற்றால் போகப்போகத் தெரிந்த நிலத்துக்கு வந்துகொண்டே இருப்பீர்கள். பாத்திரம் கழுவிக்கொண்டே, படியேறிக்கொண்டே சொல்லுங்கள். கை வேறு வேலை செய்யும்போதும் வரி வருகிறது என்றால் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

படி 5: மூச்சு, மௌனம், குரல்

கின்ஸ்பர்க் தன் நீண்ட வரிகளை ஒரு மூச்சுக்கு ஒரு வரி என்று அளந்தார். நீங்களும் தாளில் மூச்சு எடுக்கும் இடங்களைச் சாய்கோடு போட்டுக் குறியுங்கள். இதைச் செய்யாவிட்டால் பதற்றத்தில் வாக்கியத்தின் நடுவே மூச்சு வாங்குவீர்கள், பொருள் இரண்டாக உடையும்.

மௌனத்தையும் எழுதிவைக்க வேண்டும். “ரெண்டு இருமல்னா” என்பதற்கும் “சாப்டியா” என்பதற்கும் நடுவே அரை நொடி. “மூணாவது இருமல்” வருவதற்கு முன் இரண்டு நொடி. மேடையில் இரண்டு நொடி உங்களுக்கு இரண்டு நிமிடமாகத் தெரியும், கூட்டத்துக்கு அது இரண்டு நொடிதான். மனத்துக்குள் எண்ணுங்கள்.

பெரும்பாலானவர்கள் வாக்கியக் கடைசியில் குரலை விழுங்குவார்கள். தமிழில் இது பெரிய ஆபத்து, ஏனென்றால் வினையும் மறுப்பும் அங்கேதான் இருக்கின்றன. “வரவில்லை” என்பதில் கடைசி இரண்டு அசையை விழுங்கினால் ஆள் வந்துவிடுவார்.

அப்புறம், ஸ்லாம் குரல் என்று ஒன்று இருக்கிறது. யூடியூபில் பத்துக் காணொளி பார்த்தால் பிடித்துக்கொள்ளும்: வேகமாக அடுக்கி, மூச்சு வாங்கி, கடைசிச் சொல்லை மேலே தூக்கி நிறுத்துகிற ஒரே ராகம். நானும் ஓராண்டு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், வெட்கமாக இருக்கிறது. மருந்து எளிது. அதே கவிதையை ஒரு தடவை ரகசியம் போல, ஒரு தடவை சண்டையில் சொல்வது போல, ஒரு தடவை குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லிப் பாருங்கள். மூன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் மிஞ்சும். அதுதான் உங்கள் குரல்.

படி 6: உடல்

கை சொல்லை மொழிபெயர்க்க வேண்டாம். இதயம் என்றதும் மார்பைத் தொடுவது, வானம் என்றதும் மேலே காட்டுவது, இதெல்லாம் கேட்பவருக்கு எதையும் கூட்டித் தருவதில்லை. என் கவிதையில் நான் ஒரு தடவைகூட இருமிக் காட்ட மாட்டேன். இருமினால் நடிப்பு, இருமாவிட்டால் ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டு இருமல் கேட்கும். இரண்டு காலிலும் எடையைச் சமமாக வைத்து நில்லுங்கள். நகர்ந்தால் காரணத்தோடு நகருங்கள்.

படி 7: மைக்

மேடைகளில் பெரும்பாலும் இருப்பது முன்பக்கத்து ஒலியை மட்டும் வாங்கும் மைக். உதட்டிலிருந்து நாலு விரல் தூரம் வையுங்கள். மிக அருகே போனால் அடிக்குரல் தடிமனாகக் கேட்கும், ரகசியம் போலச் சொல்லும் வரிக்கு அதையே வேண்டுமென்று பயன்படுத்தலாம். கத்தும் வரிக்கு ஒரு சாண் பின்வாங்குங்கள். ப, ஃப ஒலிகளில் காற்று மோதி டொப் என்று வெடிக்கும்; மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்தால் குறையும். வலைத்தலையைக் கையால் பொத்தாதீர்கள், ஒலிபெருக்கியை நோக்கியும் காட்டாதீர்கள். கீச்சென்று அலறுவது அதனால்தான். உங்கள் உயரத்துக்கு ஸ்டாண்டைச் சரிசெய்ய ஐந்து நொடி எடுத்துக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 8: மேடை நாள்

முதல் மேடைக்குப் போட்டி வேண்டாம், யார் வேண்டுமானாலும் ஏறிச் சொல்லக்கூடிய ஓப்பன் மைக் நிகழ்ச்சிக்குப் போங்கள். மற்றவர்கள் சொல்லும்போது முழுமையாகக் கேளுங்கள். உங்கள் வரியை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தால் பதற்றம்தான் ஏறும். ஏறியதும் “மன்னிக்கவும், இது இப்போதுதான் எழுதியது” என்ற முன்னுரை வேண்டாம். நின்று, ஒரு மூச்சு எடுத்து, முதல் வரி.

மறந்துபோகும். எனக்கு ஒரு மேடையில் நடுப்பத்தி முழுவதும் காணாமல் போனது. ஏழெட்டு நொடி நின்றேன். பிறகு யூகோஸ்லாவியப் பாடகர்கள் செய்ததைச் செய்தேன்: தயாராக இருந்த தொடருக்குப் போனேன். “அப்பா கதவத் தட்ட மாட்டாரு, இருமுவாரு” என்று தொடக்க வரிகளையே மெதுவாகத் திரும்பச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பத்தி வந்துவிட்டது. திட்டமிட்ட பல்லவி என்றுதான் கூட்டம் நினைத்தது. அன்றிலிருந்து எழுதும்போதே இரண்டு இடத்தில் திரும்ப வரும் வரி ஒன்றை வைத்துவிடுகிறேன். கேட்பவருக்கு அது பிடிமானம், எனக்கு அது ஏணி.

படி 9: இறங்கிய பிறகு

அன்றிரவே பதிவைக் கேளுங்கள், உங்கள் குரலை விட்டுவிட்டு அறையின் சத்தத்தை. இருமல்கள், நாற்காலி நகரும் ஒலி, யாரோ விரல் சொடுக்கியது, திடீரென்று எல்லாம் அடங்கிய இடம். அவற்றைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள். நான் சோகமான கவிதை என்று நினைத்துக்கொண்டு போன அந்தப் பயிற்சிக் கவிதையில் “சாப்டியா” என்ற இடத்தில் கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. முதலில் சங்கடமாக இருந்தது. அடுத்த முறை அந்தச் சிரிப்பு முழுவதும் அடங்கும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகும் ஒரு நொடி விட்டு, மூன்றாவது இருமலைச் சொன்னேன். தாளில் அந்த இடத்தில் இப்போது இரண்டு சாய்கோடு இருக்கிறது.